கடைசி ஒரு மீற்றர்

மிஹ்லார் பத்தொன்பது வருசம் குவைத்தில் ஒரே வீட்டுக்கு ட்றைவராக இருந்துவிட்டு, சித்திரை கடைசியில் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். கப்பலில் போட்ட அவருடைய சாமான் வந்து சேர மேலும் ஒரு மாதம் எடுத்தது. லொறிக்காரன் அட்டாளைச்சேனைப் பெரிய ரோட்டில் விசாரித்து விசாரித்து வந்து, முன்வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கப் பார்த்தான்.

“இஞ்ச இல்ல தம்பி, பின்னுக்கு,” என்று மிஹ்லாரின் பெண்சாதி ஹுஸ்னியா கையைக் காட்டினாள்.

முன்வீடு மாபிள் பதித்த மேல்மாடி வீடு. மிஹ்லார் அங்கிருந்து காசு அனுப்ப, ஹுஸ்னியா வெயிலில் நின்று மேசன்மாரோடு மல்லுக்கட்டிக் கட்டிய வீடு. இப்போது அது மகள் றுமானாவின் வீடு. பெண்பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்கிற ஊர் இது. கல்யாணத்துக்கு இரண்டு கிழமை லீவில் வந்த மிஹ்லார் வீட்டு உறுதிப்பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் பிளேன் ஏறிவிட்டார். அந்த வீட்டுக்குள் எந்த சுவிட்சு எந்த பல்புக்கு என்று அவருக்கு இன்னும் தெரியாது. புருசனும் பெண்சாதியும் இருப்பது பின்வளவில், கிணற்றுக்குப் பக்கத்தில் போட்ட இரண்டு அறை வீட்டில்.

அந்த இரண்டு அறையில் முன்னறைதான் ஹுஸ்னியாவின் தொழிற்சாலை. ஆசிரியர் கலாசாலையில் படிக்கிற முப்பத்தைந்து பேருக்கு அவள் மத்தியானச் சோத்துப் பார்சல் கட்டுகிறாள். மிஹ்லார் வந்த அன்றே, “இனி இதெல்லாம் என்னத்துக்கு? காணும்,” என்றார். அவள் “ஓம்” என்றாள். அடுத்த நாள் சுபஹுக்கு முன்னம் எழும்பி அரிசி கழுவினாள். அவரும் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

பெட்டிகளுக்குள் இருந்தது பாட்டு மிசின். பாரமான ஒரு அம்ப்ளிஃபயர், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். கடைசியாக, வெல்வெட் பைக்குள் சுற்றி வைத்த ஒரு வயர். கறுப்பு நூலால் பின்னிய உறை போட்டு, சாரைப்பாம்பு மொத்தத்தில் இருந்தது. ஒரு முனை சுவரில் குத்துவது, மறுமுனை மிசினில் குத்துவது. கரண்ட் வயர்தான், வேறொன்றுமில்லை.

“இது நாஸர் தந்த,” என்றார் மிஹ்லார். நாஸர் அவருடைய முதலாளியின் மகன். “இந்த வயர்லதான் விசயமே இரிக்கு.”

ஹுஸ்னியாவின் பார்சல் மேசை அடுப்படிக்குப் போனது. மேசை இருந்த இடத்தில் மிசின் ஏறியது.

அன்று லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் அவளைக் கூப்பிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் கதிரையைப் போட்டு உட்காரவைத்தார். முதலில் மிசினோடு வந்த சாதாரண வயரைக் குத்தினார். அரபிக்காரி ஒருத்தி ஊத் வாத்தியத்துக்கு அழுவதுபோல் பாடினாள். பாதியில் நிறுத்தி, சாதாரண வயரைக் கழற்றி மொத்த வயரைக் குத்தினார். அதே அரபிக்காரி, அதே அழுகை.

“விளங்குதா?” என்று கேட்டார்.

ஹுஸ்னியா அவர் முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயது மனுசனின் கண், பரீட்சை முடிவு பார்க்க நிற்கிற பிள்ளையின் கண்போல் இருந்தது.

“ஓம்,” என்றாள்.

“எப்பிடி?”

“முதல் பாடின தூரத்துல கிடந்து பாடின மாதிரி. இப்ப கிட்ட.”

“அதுதான்! நாஸரும் அப்பிடித்தான் சொல்றவன். கரண்டுல இரிக்கிற ஊத்தையெல்லாம் இந்த வயர் வடிச்சிப்போடும். மறுகா குரலுக்குப் பின்னால கறுப்பா இரிக்கும். வெறும் கறுப்பு.”

அவள் தலையாட்டினாள். அடுப்படியில் கீரை வாடிக்கொண்டிருந்தது.

டெலிபோனில் அவர்கள் நன்றாகக் கதைத்தவர்கள். பத்தொன்பது வருசமும் மஃரிபுக்குப் பிறகு அவர் எடுப்பார். இன்றைக்குச் சோற்றுக்கு என்ன ஆணம், றுமானா படித்தாளா, மழை பெய்ததா, இன்னாருக்கு என்ன வருத்தம் என்று ஒரு மணித்தியாலம் போவதே தெரியாது. இப்போது ஆள் எதிரில் இருந்து சாப்பிடுகிறார். என்ன ஆணம் என்று கேட்கத் தேவையில்லை, கோப்பையில் இருக்கிறது. மழை பெய்ததா என்று கேட்கத் தேவையில்லை, யன்னலால் தெரிகிறது. கேட்க ஒன்றும் இல்லாமல் போனது. மஃரிபுக்குப் பிறகு கொஞ்ச நாள் அவளுடைய கை தன்பாட்டில் போனைத் தேடியது. அவர் முன்னறையில்தான் இருந்தார்.

வந்த புதிதில் பின்னேரத்தில் மிஹ்லார் போகிற இடமாக இருந்தது ஷிப்லியின் கடை. ரோட்டோரத்தில் மின்விசிறி, மோட்டர், றேடியோ திருத்துகிற கடை. ஷிப்லி அவருடைய இளவயதுக் கூட்டாளி ஒருவரின் தம்பி, நாற்பது வயது, பகிடிக்காரன்; மிஹ்லாரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடுவான். மிசின் வந்த செய்தி கேட்டு ஒருநாள் அவனே பின்வீட்டுக்கு வந்தான். ஹுஸ்னியா பிளேன்ரீயும் பனங்கட்டியும் வைத்தாள். மிஹ்லார் முதலில் சாதாரண வயர், பிறகு மொத்த வயர் என்று போட்டுக்காட்டினார்.

“விளங்குதா தம்பி?”

ஷிப்லி தலையைச் சொறிந்தான். “ஸ்பீக்கர் நல்ல சாமான் காக்கா. சுப்பர். ஆனா வயருக்கு ஒண்ணும் விளங்கல்ல.”

“ஒண்ணுமே?”

“காக்கா, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படா. இந்தக் கரண்ட் எங்கெயிருந்து வருது? மலைநாட்டுல, எங்கயோ இரிக்கிற குளத்துலயிருந்து. அங்கெயிருந்து மலை இறங்கி, காடு தாண்டி, வயல் தாண்டி, வெறும் கம்பியில நூறு மைல் வருது. கம்பியில காகம் குந்துது, குரங்கு தொங்குது. பள்ளியடி ட்ரான்ஸ்போமருக்கு வந்து, உங்கட கூரைக்குள்ள எலி கடிச்ச வயரால வருது. இவ்வளவும் வந்த கரண்டை கடைசி ஒரு மீற்றர்ல இவர் என்ன செய்யப்போறார்?”

மிஹ்லாருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல போலிருந்தது. சிரித்தார். “நீ கரண்ட் வாற பக்கத்தால எண்ணிறாய். மிசின் இருக்கிற பக்கத்தால எண்ணிப்பாரு. அதுக்கு இது கடைசி மீற்றர் இல்ல, முதல் மீற்றர்.”

“கதைக்க நல்லாத்தான் இரிக்கு.” ஷிப்லி பனங்கட்டியைக் கடித்தான். “அம்ப்ளிஃபயருக்குள்ள போனதும் அந்தக் கரண்டை உடைச்சி வேற கரண்டாக்கித்தான் அது பாவிக்கிற. வயர் லூசா இருந்தா இரையும், புகையும். இறுக்கமா இருந்தா சரி. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல காக்கா. கண்ணைக் கட்டிப்போட்டு வயரை மாத்தினா நீங்களும் கண்டுபிடிக்க மாட்டீங்க.”

மிஹ்லாரின் முகம் சுருங்கியது. “ஏழு வருசம் கேட்ட காது இது.”

“செய்துபாப்பமா? லேஞ்சி வைச்சிரிக்கன்,” என்று ஷிப்லி கைக்குட்டையை இழுத்துக் காட்டினான்.

“வேணா,” என்று மிஹ்லார் மிசினை அணைத்தார். ஷிப்லி பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் அன்றோடு அவர் கடைப்பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய், கரைவலைக்காரர் வலையைக் குவித்துவிட்டுப் போன இடத்தில் தனியாகக் குந்தியிருந்துவிட்டு வந்தார். வந்ததும் மிசின்.

ஆனி பிறந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது. மேற்கே சின்னப்போகத்து வயலிலிருந்து சூடு எழும்பி வந்து, நனைத்துப்போட்ட சீலை பத்து நிமிசத்தில் அப்பளமாய்க் காய்ந்தது. அந்த மாதம்தான் றுமானாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஹுஸ்னியா முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் ஓடினாள். விடிய முப்பத்தைந்து பார்சல், நடுவில் மகளுக்கு மிளகு மஞ்சள் அரைத்த சரக்குத் தண்ணி, பிள்ளையைக் குளிப்பாட்டல், மத்தியானம் சட்டி பானை.

ஒருநாள் விடியப்பறம், மிஹ்லார் சுபஹுக்குப் பள்ளிக்குப் போயிருந்த நேரம், பெரிய ரைஸ் குக்கரின் வயர் படபடவென்று பொறிந்து செத்துப்போனது. காஸ் அடுப்பில் பருப்பு ஏறியிருந்தது. பதினொன்றரைக்கு ஓட்டோக்காரன் வந்து நிற்பான். ஹுஸ்னியா வயரைக் கையில் பிடித்தபடி முன்னறைக்கு ஓடிவந்தாள். மிசினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மொத்த வயரின் முனையும் குக்கர் வயரின் முனையும் ஒரே அச்சு.

யோசிக்க நேரமில்லை. பிடுங்கிக்கொண்டுபோய்க் குக்கரில் குத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சோறு மற்ற நாளைப்போல்தான் வெந்தது. பொங்குகிற நேரத்தில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு அவள் முன்வீட்டுப் பக்கம் திரும்ப, கஞ்சி வழிந்து வயரின் பின்னல் உறையெல்லாம் வெள்ளையாய்ப் பிடித்துக்கொண்டது.

ஈரத்துணியால் துடைத்தாள். கஞ்சி நூலுக்குள் இறங்கியிருந்தது. ஈரத்தோடு மிசினில் குத்தப் பயம். கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேல் பெட்டிக்குள் கிடந்த சாதாரண வயரை எடுத்து மிசினுக்குப் பின்னால் குத்திவிட்டு, மொத்த வயரை ஒரு துவாய்க்குள் சுற்றிக் கொடியில் போட்டாள். காய்ந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

மிஹ்லார் வந்தார். ரீ குடித்தார். மிசினைப் போட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

“இஞ்ச வா புள்ள,” என்று கூப்பிட்டார். “கேளு. விடியக் கரண்ட் சுத்தமா இரிக்கும். இண்டைக்கு அவள்ற மூச்சுக்கூட விளங்குது. வயர்ற வேலை.”

கையில் அகப்பையோடு நின்ற ஹுஸ்னியாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுப்படிக்கு ஓடி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். ஒரு பார்சல் கட்டி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இதைச் சொல்லிச் சிரிக்க ஒருவர் வேண்டுமே. மகளிடம் சொன்னால் மருமகனுக்குப் போகும், தகப்பன் அந்த வீட்டில் கேலியாவார். அக்கம்பக்கத்தில் சொன்னால் ஊருக்குப் போகும். இதை அவள் சொல்லக்கூடிய ஒரே மனுசன், மஃரிபுக்குப் பிறகு குவைத்திலிருந்து டெலிபோன் எடுத்துக் கதைக்கிற மிஹ்லார்தான். அந்த மிஹ்லார் இப்போது இல்லை.

வயர் காய்ந்தது. அவள் மாற்றவில்லை. லன்ச் ஷீட் பெட்டிக்கு அடியில் வைத்து மூடினாள். குக்கருக்கு ஷிப்லியின் கடையில் புது வயர் வாங்கினாள். இரண்டாம் நாளும் மிஹ்லார் வயரைப் புகழ்ந்தார். ஐந்தாம் நாளும் புகழ்ந்தார். ஒவ்வொரு நாளும் இன்றைக்கு மாற்றிவிட வேண்டும் என்று நினைப்பாள். அவர் கண்ணை மூடியிருக்கிற கோலத்தைப் பார்க்க ஒரு பக்கம் பாவமாகவும், இன்னொரு பக்கம் இன்னதென்று தெரியாத கோபமாகவும் இருக்கும்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பார்சல் இல்லாத நாள். பத்து மணியளவில் றுமானா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

“உம்மா, வாப்பாட்ட சொல்லுங்களன், அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி. புள்ள கண்ணயருது, திடுக்கிட்டு முழிக்குது. அவரும் பேப்பர் திருத்திறார்.”

“மருமகன் சொன்னாரா?”

“அவர் ஒண்ணும் சொல்லல்ல. யன்னலைச் சாத்தினார். இந்தக் காத்துக்க யன்னலைச் சாத்தினா எப்பிடிம்மா இரிக்கிற?”

மருமகன் அஸ்பாக் மரியாதையான பொடியன். அவன் யன்னலைச் சாத்தினால் அது பெரிய சொல். ஹுஸ்னியா கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

“இஞ்சேருங்க, கொஞ்சம் குறைங்க. புள்ள முழிச்சிக்கிட்டே இரிக்காம்.”

“இது அந்த மாதிரிச் சத்தம் இல்ல,” என்றார் மிஹ்லார் பொறுமையாக. “கள்ள வயர்ல போட்டாத்தான் காதைக் குத்தும், புள்ள திடுக்கிடும். இந்த வயர்ல எவ்வளவு கூட்டினாலும் காதுக்குப் பஞ்சு மாதிரித்தான். நீ வந்து இதுல இருந்து கேளு. உனக்குத்தான் விளங்குமே.”

அந்தக் கடைசிச் சொல்தான் அவளைக் கிளப்பிவிட்டது. விடிய எழும்பின களைப்பு, கச்சான் வெக்கை, மகளின் முகம், சாத்திய யன்னல், எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்தன.

“எனக்கு ஒண்ணும் விளங்குறல்ல! ஒரு நாளும் விளங்கின இல்ல! உங்களுக்கும் விளங்குறல்ல! பதினொரு நாளா அந்த வயர் மிசின்ல இல்ல. போய்ப் பாருங்க பின்னால. அலுமாரிக்கு மேல கிடந்த சும்மா வயர்தான் கிடக்கு. உங்கட வயர் என்ட லன்ச் ஷீட் பெட்டிக்க கிடக்கு. அதுல நான் சோறு ஆக்கினன். விளங்குதா?”

மிஹ்லார் மிசினை அணைத்தார். எழும்பிப்போய்ப் பின்னால் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. கதிரையின் கையைத் தடவிக்கொண்டு இருந்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

பின்னேரம் அவள் முன்வீட்டிலிருந்து வந்தபோது ஸ்பீக்கர் இரண்டும் பெட்டிக்குள் போயிருந்தன. அம்ப்ளிஃபயரைத் துடைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

“நான் எடுத்து வைக்கச் சொல்லல்ல,” என்றாள். “குறைக்கத்தான் சொன்ன.”

“ஓம்,” என்றார் அவர்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். அவர் பள்ளிக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், கடற்கரைக்குப் போனார். பேரப்பிள்ளையைத் தூக்க முன்வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, விருந்தாளி மாதிரிக் கதிரை விளிம்பில் இருந்துவிட்டு வந்தார். அவள் பார்சல் மேசையை மறுபடியும் முன்னறைக்குக் கொண்டுவரவில்லை. மிசின் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பாட்டு இருந்த நாட்களில் அந்த மனுசன் எங்கே இருக்கிறார் என்றாவது தெரியும்.

அவளால் பொறுக்க ஏலாமல் ஷிப்லியின் கடைக்குப் போனாள். அவன் ஒரு மோட்டரைப் பிரித்துப் போட்டிருந்தான்.

“தம்பி, நான் கேக்கிறதுக்கு உண்மையச் சொல்லு. அந்த வயர்ல கொஞ்சமாவது வித்தியாசம் இரிக்காதா? எங்கட காதுக்கு விளங்காம, அவர்ற காதுக்கு மட்டும் விளங்குற மாதிரி?”

ஷிப்லி ஸ்பானரைக் கீழே வைத்தான். “இல்ல ராத்தா. இரிக்குமெண்டு சொல்ல எனக்கும் விருப்பம்தான். இல்ல.” கையைத் துணியில் துடைத்துவிட்டுச் சொன்னான், “அண்டைக்கு லேஞ்சியைக் காட்டியிருக்கப்படா நான். காக்கா இஞ்ச வந்து இந்த வாங்குல இருந்து குவைத்துக் கதை சொல்றவர். இப்ப பின்னேரத்துல நானும் றேடியோவும்தான்.”

“நீ கூப்பிடு.”

“ரெண்டுதரம் கோல் எடுத்தன். ஆன்ஸர் இல்ல.”

அவள் திரும்பி வந்தாள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. ஓட்டோக்காரன் பார்சலை ஏற்றிக்கொண்டு போனபின் ஹுஸ்னியா முன்வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் குளிப்பாட்டி, லுஹரும் அங்கேயே தொழுதுவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் மிஹ்லார் கிணற்றடியில், சாறனை மடித்துக் கட்டிக் குந்திக்கொண்டு, அடிப்பிடித்த பெரிய சோற்றுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேங்காய்த்தும்பும் சாம்பலும். தேய்க்கிற விதத்தில் பழக்கம் தெரிந்தது.

“விடுங்க, நான் கழுவிறன்.”

“பத்தொன்பது வருசம் என்ட சட்டிய நான்தான் கழுவின,” என்றார் அவர். “நீ இரி.”

அவள் கிணற்றுக் கட்டில் இருந்தாள். காற்று முருங்கையிலையை உதிர்த்துக்கொண்டுவந்து கழுவின சட்டிக்குள் போட்டது. அவர் அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தொடர்ந்து தேய்த்தார். முகத்தைத் தூக்காமலே கதைக்கத் தொடங்கினார்.

“நாஸர்ற உம்மா மௌத்தானதுக்குப் பிறகு அந்தப் பெரிய வீட்டுல அவன் தனிச்சித்தான். தகப்பன் ஒரு பக்கம், தம்பிமார் ஒரு பக்கம். அவன் ஒரு அறை செய்தான், பாட்டுக் கேக்க மட்டும். லுஹருக்குப் பிறகு நான் காருக்குள்ள இரிக்கிறதுதான். என்னேரமும் கூப்பிடுவாங்க, தள்ளிப் போக ஏலா. வெளியில வெயில் ஐம்பது. ஒருநாள் அவன் வந்து கண்ணாடியில தட்டி, உள்ளுக்கு வா எண்டான். நான் செருப்பைக் கழட்டிப்போட்டுக் கம்பளத்துல இருந்தன். இல்ல, கதிரையில இரி எண்டான். அந்த வீட்டுல நான் முதல்முதல் கதிரையில இருந்த அண்டைக்குத்தான்.”

“பாட்டைப் போட்டானா?”

“ஓம். ஒரு வயர்ல போட்டான். மறுகா இந்த வயர்ல போட்டான். மிஹ்லார், விளங்குதா எண்டு கேட்டான்.”

சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினார்.

“ஒரு சாமானும் விளங்கல்ல புள்ள. ரெண்டும் ஒண்டு. ஆனா இல்லெண்டு சொன்னா, சரி, நீ காருக்குப் போ எண்டு சொல்லிப்போடுவான். நான் ஓம் எண்டன். அவன்ட முகம் மலர்ந்திச்சி. அடுத்த நாளும் கூப்பிட்டான். ஏழு வருசம் கூப்பிட்டான். அவன் சொல்ற சொல்லெல்லாம் நானும் பழகிக்கிட்டன். ஊத்தை வடியுது, கறுப்பா இரிக்கு, மூச்சு விளங்குது எண்டு. நான் சொல்லச் சொல்ல அவனுக்குச் சந்தோசம். போன வருசம் கலியாணம் முடிச்சான். வந்த பொம்புளைக்கு ட்றைவர் உள்ளுக்கு வாறது புடிக்கல்ல. சாமானை எனக்குத் தந்தான். நான் மறுபடியும் காருக்குள்ள.”

ஹுஸ்னியா கழுவின சட்டிக்குள் விழுந்த முருங்கையிலைகளைப் பொறுக்கினாள்.

“இஞ்ச வந்து உன்னைக் கதிரையில இருத்திக் கேட்டனே, அண்டைக்கு நீ ஓம் எண்டாய். கேட்ட உடனயே தெரிஞ்சிது எனக்கு. அது என்ட ஓம். என்னத்துக்குச் சொல்ற ஓம் எண்டு எனக்குத் தெரியாதா? நீ இல்லெண்டு சொல்லியிருந்தா நானும், இல்லத்தான் புள்ள எண்டு சொல்லிச் சிரிச்சிருப்பன். நீ ஓம் எண்டாய். மறுகா எனக்கு நிப்பாட்டத் தெரியல்ல.”

“நான் எல்லாத்துக்கும் ஓம்தான் சொன்ன,” என்றாள் ஹுஸ்னியா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “சுகமா எண்டு கேப்பீங்க, ஓம். சாப்பிட்டியா, ஓம். றுமானா சோதினை எழுதின வருசம் எனக்கு டெங்கு வந்திச்சி. எட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தன். அப்பவும் கோல் எடுத்துக் கேட்டீங்க. ஓம் எண்டுதான் சொன்ன.”

மிஹ்லாரின் கை நின்றது. இப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார்.

“டெங்கா?”

“ரத்தத்துல என்னவோ குறைஞ்சி போச்செண்டாங்க. சொந்தக்காரர் ஆரும் இரிந்தா வரச் சொல்லுங்க எண்டு டொக்டர் சொன்னார். புள்ளைக்குச் சோதினை. அவளைப் பெரியம்மா வீட்டுல விட்டுப்போட்டு, ரெண்டு நாள் காய்ச்சல், சும்மா எண்டு சொல்லிட்டுத்தான் போன நான்.”

“ஆரு உன்னோட நிண்ட?”

பழக்கத்தில் அவளுக்கு வாய்க்கு வந்தது தன் சொந்த ராத்தாவின் பெயர். பார்வையாளர் நேரத்தில் ஒரே ஒருநாள் வந்து போனவள். அதைச் சொன்னால் இந்த மனுசனின் மனம் கொஞ்சம் ஆறும். அவள் கிணற்றுக் கட்டின் சீமெந்தை நகத்தால் சுரண்டினாள்.

“ஆருமில்ல,” என்றாள். “பக்கத்துக் கட்டில்ல பெரியநீலாவணைப் பொம்புளை ஒராள், செல்லத்தங்கம் எண்டு. அவதான் சுடுதண்ணி எடுத்துத் தருவா. நீங்க கோல் எடுக்கிற நேரம் சேலைன் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு என்னைக் கொறிடோருக்குக் கூட்டிக்கிட்டுப் போறதும் அவதான்.”

“நான் எடுத்தனா? எட்டு நாளும்?”

“எடுத்தீங்க. ஒருநாள் ட்றொலி ஒண்டு கிறீச்செண்டு போனது. என்ன சத்தம் எண்டு கேட்டீங்க. கிணத்துக் கப்பி, தண்ணி அள்ளுறன் எண்டன்.”

மிஹ்லார் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். நீலநிற பைப் ஒன்று அதற்குள் இறங்கிக் கிடந்தது. மேலே கப்பியும் இல்லை, கப்பி தொங்க மரமும் இல்லை.

“அதுக்கு முந்தின வருசம் நான் மோட்டர் அனுப்பிப் பூட்டியாச்சே,” என்றார் மெதுவாக.

“ஓம். சொன்ன பிறகுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. பயந்துபோனன். நீங்க ஒண்ணும் கேக்கல்ல. மறந்திட்டீங்க எண்டு நினைச்சன்.”

காற்று ஒருமுறை விழுந்து எழும்பியது. முன்வீட்டில் பிள்ளை சிணுங்கி, யாரோ தட்டிக்கொடுக்க அடங்கியது.

“மறக்கல்ல,” என்றார் மிஹ்லார். “கேட்டதும் நினைச்சன், நம்மட கிணத்துல கப்பி இல்லையே எண்டு. காருக்குள்ள இருந்துதான் கதைச்ச. போனை வைச்ச பிறகும் நினைச்சன்.”

“ஏன் கேக்கல்ல மறுகா?”

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். கையில் சாம்பல் காய்ந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

“கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பாய்,” என்றார். “சொல்லியிருந்தா நான் வரோணும். வர ஏலாது எனக்கு.”

ஹுஸ்னியா அழவில்லை. அவரும் அழவில்லை. அவள் எழும்பி மோட்டர் சுவிட்சைப் போட்டாள். பைப்பிலிருந்து தண்ணீர் இருமி இருமி வந்தது. அவர் இரண்டு கையையும் நீட்டினார். சாம்பல் போகும்வரை அவள் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அஸருக்குப் பாங்கு சொன்னது. மற்ற நாள் என்றால் பாங்கு முடிவதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டியிருப்பார். இன்று ஈரக்கையோடு அங்கேயே குந்தியிருந்தார்.

“அந்தப் பொம்புளை, செல்லத்தங்கம்,” என்றார் கடைசியில். “அவட ஊட்டை உனக்குத் தெரியுமா?”

“தெரியா. பெரியநீலாவணைக்குப் போய் விசாரிச்சாக் காட்டுவாங்க.”

“ஞாயித்துக்கிழமை உனக்குப் பார்சல் இல்லத்தானே?”

“இல்ல,” என்றாள் ஹுஸ்னியா.

“அப்ப போவம்,” என்றார்.